கை நனைத்த வீடு

என் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ் அரசு பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியில் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். குடித்துவிட்டு ஒருத்தன் படியில் கால் வைத்தால் போதும், விசிலை அடித்து வண்டியை நிறுத்திவிடுவார். "இறங்குய்யா. பொம்பளப் பிள்ளைக வர்ற வண்டி இது" என்பார். சேவுகம்பட்டியில் ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவரின் மச்சானையே இறக்கிவிட்டார். அதற்காக டிப்போவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பதில் சொல்லிவிட்டும் வந்தார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் அம்மா வீட்டில் போடுகிற திராட்சை ஒயினை ஒரு மிடறு குடிங்க என்று கல்யாணமான புதிதில் நான் கெஞ்சியிருக்கிறேன். முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலில் அம்புட்டுப் பேர் பார்க்க முழந்தாளில் நின்று, தான் குடிகாரன் என்று வாயால் சொன்னார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் பசியே எடுக்கவில்லை என்றார். டூட்டிக்குப் போகிறவர் டீயும் பன்னுமாகத் தின்று கெடுத்துக்கொண்டார் என்று நான் திட்டினேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. மதுரைக்குக் கூட்டிப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் கேன்சர் என்றார்கள். ஆபரேஷனில் இரைப்பையை முழுசாகவே எடுத்துவிட்டார்கள். சாப்பாடு இறங்குகிற குழாயைக் கொண்டுபோய் நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

"வயிறே இல்லாம மனுஷன் எப்படி டாக்டர் இருப்பாரு?" என்று கேட்டேன்.

"நல்லா இருப்பாரும்மா. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது. முக்கியமா இனிப்பு. அது ஒரேயடியா குடல்ல இறங்குனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்த்துக் கொட்டும், வயித்தால போகும். மயங்கிக்கூட விழுந்துருவாரு" என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வருவோம். வீட்டுக்கு வந்தால் மாத்திரை. கீமோ என்றால் தலை மொட்டையாகிவிடும் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. இவருக்குக் கொடுத்த மருந்தில் முடி கொட்டவில்லை. கண்ணாடியில் தலையைத் தடவிப் பார்த்து அதற்கு ஒரு சந்தோஷம் வேறு. ஆனால் டிரிப் ஏற்றிய வாரம் முழுக்க, ஜில்லென்று எதைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் பக்கமே போக மாட்டார். உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. வாயெல்லாம் புண். அதற்குக் கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். மூடியைத் திறந்தாலே பிராந்திக் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். வெளியே தெரிவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. தெருவில் அல்சர் ஆபரேஷன் என்று சொல்லி வைத்தோம். வீட்டுக்குள்ளேகூட கேன்சர் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. 'அது' என்பார். "அது வந்ததுலருந்து", "அதுக்கு மாத்திர எடுத்தாச்சா". எதையோ திருடிவிட்டு வந்து வீட்டில் ஒளித்துவைத்த மாதிரி நடந்துகொண்டார். தெரிந்தவர்கள் யாராவது வந்தால், தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டே சாப்பிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். "நோவு வந்தா ஒளிய வேண்டியது நோவுதான். நீங்க எதுக்கு ஒளியுறீங்க?" என்று கேட்பேன்.

எங்கள் மகள் ஷைனிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவருடைய பெரியப்பா மகளுக்கு மார்பில் கேன்சர் என்று தெரிந்ததும், அவர் பெண்ணுக்குப் பேசி முடித்த சம்பந்தம் கலைந்துபோயிருந்தது. பரம்பரையாக வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்கு ஒரே நினைப்பு. கல்யாணம் முடிகிற வரைக்கும் 'அது' வெளியே தெரியக் கூடாது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பிரின்ஸ், கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. அப்பா இல்லை. அம்மா பிரிஸ்கில்லா காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்துகிறவர். பெண் பார்க்க வந்தார்கள், ஷைனிக்குப் பிடித்துப்போனது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அவங்ககிட்ட உங்க உடம்பப் பத்திச் சொல்லிருங்கப்பா" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன்ம்மா. பெரியவங்க பேசிக்கிற விஷயம்" என்றார்.

சொல்லிவிட்டார் என்றே அவள் நம்பினாள். பிரின்ஸ் போனில் பேசும்போது அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். நாசூக்கான பையன் என்று இவள் நினைத்துக்கொண்டாள். கூத்தைப் பாருங்கள்.

அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுகிற வீட்டில் சும்மா சாப்பிட்டுவிட மாட்டோம். தண்ணீர் குடிப்போம், அதோடு சரி. மனசுக்குப் பிடித்திருந்தால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்போம். பெண்ணின் அப்பா கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயைத் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பையனுக்கு லீவு கிடைக்காது என்று தேதியை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். அது டிரிப் ஏற்றி இரண்டு நாள்கூட ஆகாத சமயம்.

"அல்சர்னாவது சொல்லிருவோம்ங்க. ரெண்டு வாயோட விட்டுருவாங்க" என்றேன்.

"ஏ ராணி, வியாதின்னு ஒரு சொல்லு அந்த வீட்ல உன் வாயிலருந்து வரக் கூடாது. நான் பாத்துக்கிறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொண்டார்! என் தம்பியின் காரில் போய் இறங்கினோம். பெண் வரக் கூடாது என்பதால் ஷைனி வீட்டில் இருந்தாள். பிரிஸ்கில்லா வாசலுக்கே வந்து கூப்பிட்டார். மார்க்கெட்டில் ஏலம் விட்டுப் பழகிய குரல், ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஜூஸ் குடிங்க" என்று ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸைக் கண்ணாடி டம்ளரில் நீட்டினார். நான் குறுக்கே கையை நீட்டுவதற்குள் இவர் வாங்கிவிட்டார். விரல்கள் அப்படியே இழுத்துக்கொண்டன. டம்ளர் தரையில் விழுந்து சில்லுச் சில்லாகப் போனது.

"பரவாயில்லீங்க, விடுங்க" என்றார் பிரிஸ்கில்லா. பக்கத்தில் நின்ற பையனின் தாய்மாமன் மட்டும் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை போட்டார்கள். கறிக்குழம்பு, சுக்கா, வெஞ்சனம் நாலு வகை. எல்லாவற்றுக்கும் முன்னால் பாயசம். முதல் இனிப்பைப் பெண்ணின் அப்பா மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லி, பிரிஸ்கில்லா இலைக்கு முன்னால் வந்தே நின்றுகொண்டார். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரே மூச்சில் குடித்தார். "நல்லா இருக்குதுங்களா? இன்னும் கொஞ்சம்" என்று இரண்டாவது டம்ளரையும் பிரிஸ்கில்லாவே ஊற்றினார். அதையும் இவர் குடித்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. அவருடைய கையை இலையோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நானும் அந்தச் சம்மதத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சோறு பிசையும்போதே வேர்க்க ஆரம்பித்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை கழுவ எழுந்தவர் தள்ளாடினார், சுவரைப் பிடித்தார், சுவரோடு சேர்த்து மாட்டியிருந்த காலண்டரையும் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். தாய்மாமன் ஓடிவந்து தாங்கினார். தாங்கியவர் முகத்தைச் சுளித்தார். கிளம்பும்போது வாய்ப்புண் மருந்தைக் கொப்பளித்துவிட்டு வந்திருந்தாரே, அந்த வாசனை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லக் கூசுகிறது. பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் வேட்டி வீணாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்க.

"ஏனுங்கக்கா, பகல்லயே ஊத்திட்டு வந்துட்டாருங்க போல" என்று தாய்மாமன் அடுப்படியில் மெதுவாகத்தான் சொன்னார். பாத்ரூம் வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. உள்ளே இருந்தவர் காதிலும் விழுந்திருக்கும்.

பிரிஸ்கில்லா பீரோவைத் திறந்து, செத்துப்போன தன் வீட்டுக்காரரின் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை உடுத்திக்கொண்டுதான் திண்டுக்கல் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் இவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீட்டில் ஷைனியிடம், "அப்பாவுக்கு லேசா மயக்கம் வந்துருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடித்துவிட்டோம்.

அந்த வாரமே பிரிஸ்கில்லா எனக்குப் போன் போட்டார். "சுத்தி வளைக்காமக் கேக்கறனுங்க. உங்க வீட்டுக்காரருக்கு குடிப் பழக்கம் இருக்குதுங்களா?"

எனக்கு நாக்கு நுனிவரை உண்மை வந்துவிட்டது. இவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆமாங்கம்மா. எப்பவாச்சும் உண்டு. அன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. மன்னிச்சுக்கங்க" என்றார்.

போனை வைத்ததும் நான் கத்தினேன். "உங்களுக்கு அறிவு இருக்கா? ஊர்ல இருக்குற குடிகாரனையெல்லாம் பஸ்ஸ விட்டு இறக்கிவிட்ட வாயா இது?"

"சத்தம் போடாத. பிள்ள காதுல விழுந்துரும்." கட்டிலில் உட்கார்ந்தார். "குடின்னா விட்டுருவான்னு நம்புவாங்க, ராணி. இத விட முடியுமா? குடிகாரன் மகள எத்தனை பேரு கட்டியிருக்கான். வியாதிக்காரன் மகள எவன் கட்டுவான்?"

அவர் சொன்னது எனக்கும் சரி போலத்தான் பட்டது. இல்லாவிட்டால் அன்றைக்கே சண்டை போட்டு நிறுத்தியிருப்பேன்.

மறுநாள் பிரிஸ்கில்லாவே மறுபடி கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் மொடாக்குடியாம். அவர்கள் ஊர்ப் பக்கத்து அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி பிடித்துச் சத்தியம் செய்த பிறகு சாகிற வரைக்கும் தொடவில்லையாம். "அந்த மாதிரி உங்க வீட்டுக்காரரும் வந்து சத்தியம் பண்ணட்டுங்க. ரெண்டு வீடும் கூட நிக்கட்டும். பையனுக்குப் புள்ளையப் புடிச்சிருக்குது. எனக்கும் புடிச்சிருக்குது. புள்ள மனசு நோகும், போன்ல இதப் பேசாதேன்னு பையங்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க. இது ஒண்ணு தீந்துச்சுன்னா அங்கயே தேதி குறிச்சரலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

இவருக்கு அதில் ஒரு சமாதானம் வேறு. "பொய்ச் சத்தியம்னு சொல்ல முடியாதுல்ல. இனிமே குடிக்க மாட்டேன்னுதான சொல்லப் போறேன். குடிக்கவா போறேன்?" என்று என்னையே கேட்டார். அடிக்கலாம் போல இருந்தது, சிரிப்பும் வந்து தொலைத்தது. ஷைனியிடம், அப்பா உடம்பு தேறுவதற்காக நேர்ச்சை, மாப்பிள்ளை வீட்டாரும் வந்து சேர்ந்து ஜெபிக்கிறார்கள் என்று சொல்லிவைத்தோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்லவர்கள் அம்மா என்றாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உகந்த நாள். ஷைனியோடு நாங்கள் போனபோது கோயிலில் நல்ல கூட்டம். பிரிஸ்கில்லா, பிரின்ஸ், தாய்மாமன் மூவரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். இவர் அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், அப்படி இளைத்திருந்தார். மாத்திரையில் விரல் நுனித் தோல் உரிந்து கறுத்திருந்தது. அந்த விரல்களால் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டார். பிரிஸ்கில்லா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் செய்த முறை அதுதானாம். இவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு எழுந்துவிடலாம், பின்னால் நிற்கிற ஷைனிக்குக் கேட்காது என்று நம்பித்தான் நாங்கள் வந்திருந்தோம்.

"நான் இத்தனை நாளா குடிச்சு," என்றார் பிரிஸ்கில்லா.

இவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது 'இனிமேல்' என்ற சொல்லை. இந்தச் சொல் வரும் என்று நினைக்கவில்லை. மெழுகுவத்தியை இறக்கி, மறுபடி தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்... இத்தனை நாளா... குடிச்சு," என்றார்.

"என் பொண்டாட்டி புள்ளையக் கஷ்டப்படுத்துனேன்."

"என் பொண்டாட்டி..."

"அப்பா!" என்றாள் ஷைனி.

கோயில் முழுக்கக் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேராகப் போய் அவர் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கி அணைத்தாள்.

"என்னப்பா சொல்றீங்க? நீங்க எப்பப்பா குடிச்சீங்க?" பிரிஸ்கில்லாவிடம் திரும்பினாள். "எங்கப்பா வாயில சொட்டு சாராயம் பட்டதில்ல அத்தை. அவருக்கு வயித்துல கேன்சர். ஆபரேஷன் பண்ணி வயித்தையே எடுத்துட்டாங்க. இப்ப கீமோ ஓடுது. உங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிறேன்னு என்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டாருன்னுதான் நெனச்சேன்."

"ஷைனி, வேணாம்மா," என்றார் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "சொல்லாதம்மா."

"சொல்லுவேன். குடிகாரன் மகள்னு என்னை அனுப்பப் பாத்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எனக்கு எதுப்பா அசிங்கம்? உங்களுக்கு நோவு வந்தது அசிங்கமா, நீங்க செய்யாத தப்ப இங்க முட்டி போட்டு ஒத்துக்கிட்டது அசிங்கமா?"

அம்புட்டுத்தான். நாங்கள் மூடி மூடி வைத்தது நட்ட நடுக் கோயிலில் திறந்து கிடந்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, இது பரம்பரையா வர்ற சமாச்சாரமுங்க. வெளிய போய்ப் பேசிக்கலாம்" என்றார். பிரின்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிரிஸ்கில்லா இரண்டு பேரையும் கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்த அம்மா இவருக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எங்க ஊட்ல பாயசம் குடிச்சீங்களே. அது உங்களுக்கு ஆகாதுங்களா?"

"ஆகாதும்மா."

"தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எதுக்குங்க?"

"கை நனைக்காம எந்திரிச்சா வேண்டாம்னு ஆயிருமேம்மா. பிள்ளைக்கு உங்க வீட்டப் பிடிச்சுப் போச்சு."

பிரிஸ்கில்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மார்க்கெட் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரெண்டாவது டம்ளர் நான்தானுங்க ஊத்துனேன். வேண்டாம்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கக் கூடாதா? எங்கூட்டுச் சோத்தால ஒரு நோயாளி மனுஷன் சுருண்டு விழுந்திருக்கறாரு, நான் அன்னிக்குப் பூராவும் குடிகாரன், குடிகாரன்னு திட்டித் தீத்திருக்கறேன். அந்தப் பாவத்த நான் எங்கீங்க கொண்டு போய்க் கழுவுவேன்?"

"தப்புதாங்க" என்றேன். அதைத் தவிர வேறென்ன சொல்ல?

"பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இருக்குது. அது லேசுல தீராது. அத அப்பறம் வெச்சுக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இவர் பக்கம் குனிந்து கையை நீட்டினார். "எந்திரிங்க சம்பந்தி. முட்டி நோகும்."

இவர் எழப் பார்த்தார், முடியவில்லை. பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. ஒரு கையை ஷைனி பிடித்தாள், இன்னொரு கையை பிரிஸ்கில்லா பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கித்தான் நிறுத்தினார்கள். நின்றதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"சம்பந்தின்னு கூப்பிட்டாங்க, கேட்டுச்சா?" என்று அவர் காதருகே போய்க் கேட்டேன்.

"கேட்டுச்சு" என்றார், துண்டை எடுக்காமல்.